படத்துக்குக் கீழே ஒரு நன்றி

தாம்ஸன்ஸ் லேண்டிங்,
வடக்கு குவீன்ஸ்லாந்து,
நவம்பர் 23

அன்புள்ள ரென்ஸோ அண்ணாவுக்கு,

அன்று எதிர்வீட்டு கிளெனிஸ் ஒரு தம்ளர் எலுமிச்சைச் சாற்றை என்னிடம் நீட்டியபோது, "இதை முதலில் தரையில் கிடக்கிறவனுக்குக் கொடுங்கள்" என்று நான் சொல்லவில்லை. "இதென்ன கல்யாண வீடா?" என்றும் கேட்கவில்லை. ஐஸ் மிதக்கும் தம்ளர்களைத் தட்டில் அடுக்கி, ரோலண்டின் முதுகில் முழங்காலை ஊன்றியிருந்தவனிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராக அவள் கொடுத்துக்கொண்டு வந்தாள். நான் வாங்கிக்கொண்டேன். கீழே உட்கார்ந்து அதை ரோலண்டின் வாயில் ஊற்றினேன். முகம் ஒருபக்கமாகத் தாரோடு அழுந்தியிருந்ததால் பாதிக்கு மேல் சாலையில்தான் போயிற்று. ட்ராய் மேலிருந்தபடியே, "பாத்து தங்கச்சி, கடிச்சுடப் போறான்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். கிளெனிஸும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை. சோறு உண்ணும்போது நினைவுக்கு வந்தால் தட்டை ஒதுக்கிவிடுகிறேன்.

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. இந்த ஆண்டின் கரும்பு அரவை முடிந்து ஆலைப் புகை நின்றுவிட்டது. மழை இன்னும் வரவில்லை, வெயில் தாங்க முடியவில்லை. நூலகத்தில் ஏசி இருப்பதால் பகலெல்லாம் ஊரே அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. புத்தகம் எடுக்கிறவர்கள்தான் குறைவு.

இதையெல்லாம் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். நான் பேச ஆரம்பித்தால் உனக்கு அங்கே சிக்னல் போய்விடுகிறது. அப்பா பேசும்போது நன்றாகக் கேட்கிறது. ஆகவே எழுதுகிறேன். கடிதத்துக்குச் சிக்னல் வேண்டாம். உன் சுரங்க முகாமுக்குத் தபால் தவறாமல் வருகிறது என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

அப்பா சொன்ன கதை உனக்கு வந்திருக்கும். பாரி சொன்ன கதையும் வந்திருக்கும். நான் பார்த்ததையும் ஒருமுறை படித்துவிடு.

உன் பிக்கப் எப்போதும்போல் நம் வீட்டுப் பக்கவாட்டில், சாவி மிதியடிக்கு அடியில் இருக்க, நின்றுகொண்டிருந்தது. ஊரில் பாதி வண்டிகள் அப்படித்தான் நிற்கின்றன. தேவைப்படுகிறவன் எடுத்துப் போவான். டேங்கை நிரப்பிக் கொண்டுவந்து விடுவான். நம் வீட்டுச் சலவைத் தொட்டியில் வாடகை போல நண்டு கிடந்தால் ரோலண்ட் வண்டி எடுத்துப் போயிருக்கிறான் என்று பொருள். அதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போன முறை நீ கிளம்பும்போது, வாசலில் வைத்து அவனிடம், "நான் இல்லைன்னு நீ கூச்சப்படாத மச்சான், உன் வண்டி மாதிரி எடுத்துட்டுப் போ" என்று சொன்னாய். நான் உன் மதியச் சாப்பாட்டுப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன்.

அன்று அவன் வந்தது தன் அம்மா டெல்மா ஆன்ட்டிக்கு வாங்கிய துணி துவைக்கும் இயந்திரத்தைக் கடையிலிருந்து வீட்டில் கொண்டுபோய் இறக்க. பட்டப்பகல். எதிர்வீட்டில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பாரியைப் பார்த்துக் கையை வேறு அசைத்திருக்கிறான். பாரி உடனே கைபேசியில் அந்தத் 'தெருவின் கண்கள்' குழுவில் என்ன எழுதினார் தெரியுமா? "ரென்ஸோ வண்டியை ஒருத்தன் ஓட்டிட்டுப் போறான், போற போக்குல எனக்கு டாட்டா காட்டறான், திமிரப் பாருங்க" என்று. நம் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்க அவருக்குச் சாலையைக் கடந்தால் போதும். அம்மா உள்ளேதான் இருந்தாள். அவர் கதவைத் தட்டவில்லை. போலீசையும் கூப்பிடவில்லை. அதே குழுவில் இருக்கிற ட்ராயைக் கூப்பிட்டார்.

மூன்று வண்டிகள் போயிருக்கின்றன. மில் தெரு முடிவில், கரும்பு ரயில் தண்டவாளம் குறுக்கே போகும் இடத்தில் முன்னும் பின்னுமாக மறித்து நிறுத்தியிருக்கிறார்கள். ரோலண்ட் கண்ணாடியை இறக்கி, "என்ன பாரி, எதாச்சும் விழுந்துடுச்சா?" என்று கேட்டானாம். இயந்திரம்தான் பின்னால் சரிந்துவிட்டது, அதைச் சொல்ல நிறுத்துகிறார்கள் என்று நினைத்திருக்கிறான். கதவைத் திறந்து கழுத்தைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். இழுத்தபோது அவன் முழங்கை ட்ராயின் வாயில் பட்டு ஒரு பல் உடைந்தது. அதன் பிறகு அவர்களுக்கு வேறு காரணமே தேவைப்படவில்லை. ஒயர் கட்டும் பிளாஸ்டிக் டேக் ஒரு கட்டு ட்ராயின் பையில் எப்போதும் இருக்கும். அதால் கைகளைப் பின்னால் சேர்த்து இறுக்கி, தாரின் மேல் குப்புறப் போட்டு, ஏறி உட்கார்ந்துகொண்டார்கள்.

நான் நூலக வேலையிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். கூட்டத்தைப் பார்த்து, யாரையோ பாம்பு கடித்துவிட்டது என்று நினைத்து ஓடினேன். அவன் காலணியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நான் வாய் திறக்கவில்லை என்று நீ நினைத்துவிடாதே. "இது ரோலண்ட், எங்கண்ணன் கூட்டாளி, வண்டி இவனுக்குக் கொடுத்ததுதான், அவிழ்த்து விடுங்கள்" என்று அங்கே இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னேன். பாரி என் தோளில் கை வைத்து, "நீ புத்தகம் படிக்கிற பொண்ணு, உனக்கு இதெல்லாம் புரியாது. பிடிச்சாச்சு. இனி போலீஸ் வந்து பாத்துக்கும்" என்றார். போலீசைக் கூப்பிட்டீர்களா என்று கேட்டேன். யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. படம் எடுத்துக் குழுவில் போட்டிருந்தார்கள். பன்றி வேட்டைக்குப் போனால் செத்த பன்றியின் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு எடுப்பார்களே, அதே மாதிரிப் படம். பாரி கட்டை விரலை உயர்த்திக்கொண்டு நிற்கிறார்.

போலீசைக் கூப்பிட்டது நான். அவர்கள் வந்து அந்த டேக்கை அறுத்தபோது ரோலண்டின் கைகள் ஊதா நிறமாக இருந்தன. கன்னத்துத் தோல் தாரில் ஒட்டி உரிந்து வந்தது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுதப் பிடிக்கவில்லை.

இனி நீ அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. ரோலண்ட் மேல் இரண்டு குற்றச்சாட்டு. அனுமதியில்லாமல் வண்டியை எடுத்தது ஒன்று. ட்ராயைத் தாக்கிப் பல்லை உடைத்தது இன்னொன்று. பிப்ரவரியில் நீதிமன்றம். தண்டனை ஆனால் ஆலையில் வெல்டர் வேலை போய்விடும் என்று அவனிடம் சொல்லிவிட்டார்கள். அவனைக் கட்டிப் போட்டவர்கள் மேல் இன்றுவரை ஒன்றும் இல்லை. அவர்கள் "குடிமகன் கைது" செய்தார்களாம்.

பாரி வீடு வீடாகக் கொடுத்த காந்த அட்டை நம் ஃபிரிட்ஜ் கதவிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "குற்றவாளியைக் கைது செய்ய எந்தக் குடிமகனுக்கும் உரிமை உண்டு" என்று சிவப்பு எழுத்தில். நான் நூலகத்தில் சட்டத்தையே எடுத்துப் படித்தேன். அட்டையில் முடிகிற இடத்தில் சட்டம் முடியவில்லை. போலீஸ்காரர் ஒருவரை நியாயமான சந்தேகத்தின் பேரில் பிடிக்கலாம். சந்தேகம் தவறாகப் போனாலும் சட்டம் அவரைக் காப்பாற்றும். மற்றவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. நானோ பாரியோ ஒருவரைப் பிடித்தால், அங்கே ஒரு குற்றம் உண்மையிலேயே நடந்திருக்க வேண்டும். நடந்தது என்று நம்பினேன், அப்படித்தான் தோன்றியது, தெருவே சொன்னது என்பதெல்லாம் செல்லாது. குற்றமே நடக்கவில்லை என்றால் அது கைது இல்லை, ஆளைக் கட்டிப்போட்டது. அப்படி இழுக்க வருகிறவனை உதறித் தள்ளினால் அது தாக்குதல் ஆகாது. குற்றம் நடந்தே இருந்தாலும் தேவைக்கு மேல் கையை ஓங்கக் கூடாது. பிடித்த கையோடு போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். கட்டிய பிறகு மேலே உட்கார்ந்து ஜூஸ் குடிக்கலாம் என்று எந்தப் பிரிவிலும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

இதை பாரியிடம் சொன்னேன். "அட்டையில எடம் பத்தல பொண்ணு" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். அவருக்கு என் மேல் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருக்கிறது. இந்த ஆட்கள் பொல்லாதவர்கள் என்றால் வெறுத்துவிட்டுப் போகலாம். வெள்ளம் வந்தபோது நம் வீட்டு மெத்தைகளைத் தோளில் சுமந்து மாடிக்கு ஏற்றியது இதே பாரிதான். அதே தோள், அதே கை. ஆளைக் கேட்காமல் பிடித்துக் கட்டிக் கொண்டுவருவது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. ரோலண்டின் முன்னோர்களைத் தென்கடல் தீவுகளிலிருந்து கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தது நம் கரும்பு வெட்டத்தான். அப்போதும் யாரோ ஒருவர் சட்டப்படிதான் என்று சொல்லியிருப்பார்.

எல்லாம் ஒரு கேள்வியில் வந்து நிற்கிறது அண்ணா. குற்றம் நடந்ததா? நீ வண்டியை அவனுக்குக் கொடுத்திருந்தாயா, இல்லையா? நான் கேட்டதைப் போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டேன். சார்ஜென்ட் நல்ல பெண்மணி. "நீங்க சொல்றத நான் நம்பறேன். ஆனா வண்டி உங்களுது இல்லையே. சொந்தக்காரர் வாயால வரணும். அவர் வேற மாதிரி இல்ல எழுதியிருக்கார்" என்றாள். எழுதியிருக்கிறானா, எங்கே என்று கேட்டேன். தன் கைபேசியைத் திருப்பிக் காட்டினாள்.

அந்தப் படத்துக்குக் கீழே நீ எழுதியதை அப்போதுதான் பார்த்தேன். "சூப்பர் பசங்களா! என் வண்டியைக் காப்பாத்துனதுக்கு நன்றி. ஊருக்கு வந்ததும் ஆளுக்கொரு பியர் என் செலவு."

நீ ஏன் தொலைபேசியை வைத்துவிடுகிறாய் என்று அன்றுதான் புரிந்தது.

உனக்கு அவன் யாரென்று தெரியவில்லை. அது எனக்குத் தெரியும். படத்தில் முகம் இல்லை. ஒரு பின்னந்தலையும் கட்டிய கைகளும்தான் இருக்கின்றன. ஷிப்டு முடிந்த களைப்பில், திருட்டுப் போன வண்டி கிடைத்தது என்று நினைத்துத் தட்டியிருப்பாய். ஆனால் அண்ணா, நீ கோபித்துக்கொண்டாலும் எழுதுகிறேன். அவன் யாராகவே இருந்திருந்தாலும், அப்படிக் கிடக்கிற ஒருவனின் படத்துக்குக் கீழே எப்படி உனக்கு நன்றி சொல்ல வந்தது? இதை உன்னிடம் மட்டும் கேட்கவில்லை. அதற்குக் கீழே நானூறு பேர் இதயம் போட்டிருக்கிறார்கள். என்னிடம் வாரம் தவறாமல் புத்தகம் எடுக்கிறவர்கள் அதில் இருக்கிறார்கள். அவர்களுக்கு முத்திரை குத்திக் கொடுக்கும்போது கையைக் கழுவிக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

இப்போது உன் நன்றிதான் அவர்களுடைய பெரிய சாட்சி. "வண்டிக்காரனே நன்றி சொல்லிட்டான், இதுக்கு மேல என்ன வேணும்?" என்று பாரி காய்கறிக் கடையில்கூடச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் ஒரு கூடை மாம்பழத்தோடு வீட்டுக்கு வந்தார். அப்பாவோடு பின்கட்டில் உட்கார்ந்து, அவர் தங்கை மகன் அங்கே உனக்கு ஷிப்டு போடுகிற பொறுப்பில் இருப்பதைப் பற்றி வெகு நேரம் பேசினார். "எங்க பையன் ரென்ஸோவ நல்லா பாத்துக்கறான்ல? பாத்துக்குவான், பாத்துக்குவான்" என்று இரண்டு தடவை சொன்னார். மிரட்டல் மாதிரி ஒரு சொல்கூட இல்லை. போகும்போது அம்மாவுக்கு முழங்காலுக்கு எந்தத் தைலம் நல்லது என்றும் சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பழத்தை நான் தொடவில்லை. அம்மா அதைக் கூடையோடு பின் தோட்டத்தில் வௌவாலுக்கு வைத்துவிட்டாள். அப்பா கேட்டபோது, "அழுகிடுச்சு" என்றாள். அப்போது ஒரு பழம்கூட அழுகியிருக்கவில்லை.

அப்பா தொலைபேசியில் உன்னை என்ன சொல்லச் சொன்னார் என்று எனக்குத் தெரியும், சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். "பொய் சொல்ல வேண்டாம்டா. ஞாபகம் இல்லன்னு மட்டும் சொல்லு. ஞாபகம் இல்லாமப் போறது யாருக்கும் வர்றதுதான். நாம இந்தத் தெருவுல இருக்கணும்ல?" நீ அந்தப் பக்கம் என்ன சொன்னாய் என்று எனக்குக் கேட்கவில்லை. அப்பா மட்டும், "அப்படித்தான், அப்படித்தான், நல்ல புள்ள" என்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "என்னடி முறைக்கிற? அவன் வெளியூர்ல பொழைக்கணும்" என்றார். அவர் கண்ணில் பயம்தான் இருந்தது. எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. திரும்பிப் பாத்திரம் கழுவினேன்.

ரோலண்டை மருத்துவமனையில் போய்ப் பார்த்தேன். முதலில் அவனே சிரிக்க வைத்தான். "உங்கண்ணன் வண்டில ஏசி வேலை செய்யல. அதையும் எம்மேல எழுதிட்டாங்களா?" என்று கேட்டான். விலகியிருந்த தோள்மூட்டைச் சரியாகப் பொருத்திவிட்டார்கள். கன்னம் ஆறிவிடும், தழும்பு இருக்கும். வலது கையில் கட்டை விரலுக்கும் அடுத்த விரலுக்கும் உணர்ச்சி இல்லை. டேக் நரம்பை அழுத்தியதால் வந்தது. சில மாதங்களில் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்கிறார்கள். தம்ளரைப் பிடிக்கும்போது பிடித்திருக்கிறோமா என்று கண்ணால் பார்த்துக்கொள்கிறான். வெல்டிங் செய்கிறவனுக்கு அந்த இரண்டு விரல் என்ன என்று உனக்குத் தெரியும்.

நீ எழுதியதை அவன் பார்த்துவிட்டான். நான் மறைக்க நினைத்தேன், அவனே எடுத்துக் காட்டினான். "படத்துல என் பின்மண்டைதான தெரியுது. ரென்ஸோ என்னைக்காச்சும் என் பின்மண்டையப் பாத்திருக்கானா? ஓட்டப் பந்தயத்துல அவன் எப்பவும் எனக்கு முன்னாடி இல்ல ஓடுவான்" என்றான். டெல்மா ஆன்ட்டி பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை. நான் கிளம்பும்போது வராந்தா வரை கூட வந்து, "உங்கண்ணன் எம்புள்ளைக்காக ஒண்ணும் பண்ண வேண்டாம் பொண்ணே. பெரிய மனசெல்லாம் வேண்டாம். நடந்தத நடந்த மாதிரி சொல்லச் சொல்லு. அவ்வளவுதான் கேக்கறேன்" என்றார். பிறகு, "எங்க வீட்ல சாப்பிட்டவன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் தலை குனிந்து பார்த்ததில்லை நான். அன்று குனிந்திருந்தது.

அம்மா ஒரு நாள் விட்டு ஒரு நாள் சூப் வைத்து, துணிக் கூடைக்குள் மறைத்து மருத்துவமனைக்கு எடுத்துப் போகிறாள். அப்பாவுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அப்பா சன்னலிலிருந்து பார்த்துவிட்டு, செய்தித்தாளைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறார். நம் வீடு இப்போது இப்படித்தான் ஓடுகிறது. யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. நான் இத்தனை ஆண்டுகளாகப் பேசாத பெண் என்று பெயர் வாங்கியவள். இப்போது வீட்டில் என்னைவிட எல்லாரும் குறைவாகப் பேசுகிறார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த நன்றியை அழித்துவிடலாமா என்று நீ யோசிக்கக் கூடும். அழிக்காதே. அதை எல்லாரும் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள், அழித்தால் நீ பயந்ததாகத்தான் தெரியும். அது அப்படியே இருக்கட்டும். நீ அருகிலுள்ள போலீஸ் நிலையத்துக்குப் போய், "படத்தில் இருந்தவன் யாரென்று தெரியாமல் எழுதினேன். அவன் என் நண்பன். வண்டியை எப்போது வேண்டுமானாலும் எடுக்கச் சொல்லியிருந்தேன்" என்று எழுதிக் கொடு. வேறு எதுவும் வேண்டாம். ட்ராயைத் திட்ட வேண்டாம், பாரியைக் குறை சொல்ல வேண்டாம். அவர்கள் செய்தது என்ன என்பதைச் சட்டம் பார்த்துக்கொள்ளும். உன் ஷிப்டை மாற்றுவார்கள். தெருவில் நம் வீட்டுக்கு வருகிறவர்கள் குறைவார்கள். அப்பா கொஞ்ச நாள் உன்னோடு பேச மாட்டார். இதெல்லாம் நடக்கும். இல்லை என்று சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன்.

உன்னை எனக்குத் தெரியும் அண்ணா. உனக்கு ஞாபக மறதி கிடையாது. சின்ன வயதில் நான் யாரிடம் எத்தனை தடவை அழுதேன் என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறவன் நீ.

வெயிலில் வேலை செய்யும்போது தண்ணீர் நிறையக் குடி. உடம்பைப் பார்த்துக்கொள். கன்னி மாதா உன் பக்கம் நிற்கட்டும், உன் நாவிலும் நிற்கட்டும். பதிலை எனக்கு எழுத வேண்டாம். அவர்களுக்கு எழுது.

அன்புடன்,
உன் தங்கை
லிவியா

* * *

தாம்ஸன்ஸ் லேண்டிங்,
மார்ச் 9

அன்புள்ள ரென்ஸோ அண்ணாவுக்கு,

நீ அங்கே எழுதிக் கொடுத்தது ஜனவரியிலேயே இங்கு வந்து சேர்ந்தது. சார்ஜென்ட் என்னை அழைத்துச் சொன்னாள். நான் நூலகத்துக் கழிவறையில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். உன்னை இரவு ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்று அம்மா சொன்னாள். பகலில் தூங்க முடிகிறதா? சன்னலில் போர்வையைக் கட்டிக்கொள்.

ரோலண்ட் மேல் இருந்த இரண்டு குற்றச்சாட்டையும் விலக்கிக்கொண்டார்கள். நீதிமன்றத்தில் அரசு வக்கீல் எழுந்து, "குற்றம் எதுவும் நடக்கவில்லை" என்றார். அந்த ஒரு வரிதான். டெல்மா ஆன்ட்டிக்கு அது சரியாகக் கேட்கவில்லை, திரும்பச் சொல்லச் சொன்னார். நீதிபதி தானே திரும்பச் சொன்னார்.

பாரி மேலும் ட்ராய் மேலும் ஆளைச் சட்டவிரோதமாகப் பிடித்து வைத்ததற்கும் தாக்கியதற்கும் வழக்குப் போட்டார்கள். இருவரும் ஒப்புக்கொண்டார்கள். ஊருக்கு உழைத்தவர்கள், நல்ல எண்ணத்தில் செய்தவர்கள் என்று அவர்களுடைய வக்கீல் பேசினார். அபராதம் மட்டும். குற்றவாளி என்று பதிவு இல்லை. ரோலண்டின் விரல்கள் அப்படியே இருக்கின்றன. ஆலையில் அவனுக்குக் கிடங்கில் வேலை கொடுத்திருக்கிறார்கள். அதையும் விட்டுவிட்டு ஏப்ரலில் டெல்மா ஆன்ட்டியோடு மக்காய் நகருக்குக் குடிபோகிறான். உனக்கு எழுதுவதாகச் சொன்னான். எழுதுவான் என்றே நினைக்கிறேன்.

அவர்களுடைய அபராதத்துக்குப் பணம் சேர்க்கப் போன சனிக்கிழமை இரும்புச் சாமான் கடை வாசலில் தெருக்காரர்கள் சாசேஜ் சுட்டு, ரொட்டியில் வைத்து விற்றார்கள். கிளெனிஸ் கல்லாவில் இருந்தாள். மதியத்துக்கு முன்பே ரொட்டி தீர்ந்துவிட்டது. அப்பா வரிசையில் நின்று இரண்டு வாங்கினார். ஒன்றை அங்கேயே நின்று சாப்பிட்டார். இன்னொன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து, எனக்கென்று மேசைமேல் வைத்தார்.

லிவியா